பூட்டன் பெயர் அறிவோம். பூட்டி பெயர் அறிவோமா?

ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தக்கரையிற் சிறிது நேரம் நின்று பாருங்கள். தந்தையை இழந்தோர் ஈரத் துணியுடன் தருப்பை அணிந்து குருக்களின் முன் அமர்ந்திருப்பர். "தம்பி, தகப்பனார் பெயர்?" என்று குருக்கள் கேட்பார். விடை உடனே வரும். "பேரனார் பெயர்?" சற்று நினைத்தபின் வரும். "பூட்டனார் பெயர்?" இவ்விடத்திற் பலர் விழிப்பர்; பக்கத்தில் நிற்கும் பெரியவரைத் திரும்பிப் பார்ப்பர். தாயாரின் தாயார் பெயரைக் கேட்டாலோ பெரியவர்களும் விழிப்பர். "ஆச்சி, ஆச்சி என்றுதான் கூப்பிட்டோம் ஐயா, பெயர் தெரியாது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழியாகும்.

நம்மைத் தூக்கி வளர்த்தவளின் பெயர் நமக்குத் தெரியாது. இஃது ஒருவர் இருவரின் குறையன்று. நம் எல்லோருடைய குறையுமேயாம். ஊர்தோறும் உள்ள இளைஞர் சங்கங்கள் வம்ச வரலாற்று வட்டமொன்றை அமைத்து, தத்தம் ஊர்க் குடும்பங்களின் வரலாற்றைத் தேடி எழுதிவைத்தல் வேண்டும் என்று யாம் கருதுகின்றோம். அதற்கு எங்கே தேடுவது, எப்படித் தேடுவது, எதை விலக்குவது என்பவற்றை இளைஞர்க்கும் பெரியோர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் என்னும் முதற் சிக்கல்

மேனாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. தந்தைக்கும் மகனுக்கும் பேரப்பிள்ளைக்கும் அப்பெயர் ஒன்றே. ஆதலின் அவர்கள் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கி நடக்கலாம். எமக்கோ தந்தையின் பெயரே தலையெழுத்து. சின்னத்தம்பியின் மகன் கந்தையா என்றால் அவர் சி. கந்தையா, அவர் மகன் க. சின்னத்தம்பி. தலைமுறைக்குத் தலைமுறை எழுத்து மாறிவிடும். பெண் மக்களுக்கு விவாகத்தோடு இன்னொரு முறையும் மாறும். தகப்பன் பெயரால் அறியப்பட்டவள் பின்பு கணவன் பெயரால் அறியப்படுகின்றாள். ஆதலால் ஒரே பெண்ணை இரண்டு ஏடுகளில் இரண்டு பெண்களாக எண்ணி மயங்குவதற்கு இடமுண்டு.

அஃதன்றிப் பேரனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடுவது நம் மரபு. பெயரன் என்ற சொல்லே அவ்வாறு வந்தது. யாழ்ப்பாணத்தில் நாம் தந்தையின் தந்தையைப் பேரன் என்கின்றோம். மகனின் மகனையும் பேரன் என்கின்றோம். பெயரால் இருவரும் ஒருவரேயாவர். எனவே பழைய ஏட்டில் ஒரு கந்தையாவைக் கண்டவுடன் "இவரே எம் பூட்டனார்" என்று குதித்தல் கூடாது. எந்தக் கந்தையா, யாருடைய மகன், யாரை மணந்தவர், எந்த வளவில் இருந்தவர் என்பன தெரிந்தபின்பே துணிதல் வேண்டும்.

நூல்களும் தோம்புகளும்

வம்ச வரலாறு என்றதும் நம்மவர் முதலில் நாடுவன கைலாயமாலையும் யாழ்ப்பாண வைபவமாலையுமே. பின்னதை மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றினார். அதனை 1879இல் பிறிற்றோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தமிழகத்தினின்றும் வந்து யாழ்ப்பாணத்திற் குடியேறிய பிரபுக்கள் இன்னார், இன்ன ஊரில் இருந்தார் என்று இந்நூல்கள் கூறும். ஆயின் அவை கூறும் காலத்திற்கும் அவை எழுதப்பட்ட காலத்திற்கும் இடையே பன்னூறாண்டுகள் உள்ளன. முதலியார் இராசநாயகம் 1926இலும் சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலும் வெளியிட்ட நூல்களில் இக்கதைகளை ஆராய்ந்து பார்க்க முற்பட்டனர். அப்பெரியோர்க்கே தெளிவு வருத்தப்பட்டு வந்ததாயின், நாம் நம் வீட்டு வம்சாவளியை ஒரே பாய்ச்சலில் அப்பிரபுக்களுடன் கொண்டுபோய் ஒட்டுவது எங்ஙனம் பொருந்தும்? இடையில் உள்ள ஏணிப்படிகள் யாவும் இல்லாமல் மேற்படியில் மட்டும் ஏறி நிற்றல் இயலாது.

தோம்பு என்னும் பதிவேட்டு முறையைப் போர்த்துக்கேயர் இங்கு கொணர்ந்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனை விரிவாக நடத்தினர். நிலத்தோம்பில் காணியும் உடையவரும், தலைத்தோம்பில் ஆட்களும் பதியப்பட்டனர். வரிக்கும் ஊழியத்துக்கும் யார் யார் உரியர் எனக் கணக்கிடுவதே அரசினரின் நோக்கமாயிருந்தது. அவர்கள் பள்ளிக்கூடங்களிற் பேணிய தோம்புகளில் ஞானஸ்நானமும் விவாகமும் எழுதப்பட்டன. வீட்டிற் சைவராய் வாழ்ந்தோரும் விவாகம் பதியும் பொருட்டு அக்காலத்தில் ஞானஸ்நானப் பெயர் ஒன்றைப் பூண்டனர். ஆகவே சைவக் குடும்பத்தில் ஆராய்பவர் தம் மூதாதையைக் கிறித்தவப் பெயரிற் கண்டால் திடுக்கிட வேண்டியதில்லை. ஒல்லாந்தர் காலத்து ஆவணங்களுட் பல இன்றும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. உலகின் பல நாடுகளில் இருக்கும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அவற்றுள் இலங்கையிலுள்ளனவும் அடங்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறப்பு இறப்புப் பதிவு ஏற்பட்டது. பிறப்புப் பதிவில் தாயின் பெயரும் இருத்தலால் அஃது எமக்குப் பெருந்துணையாகும். ஆயினும் பதிவு முறை ஊர் முழுவதும் வேரூன்றப் பல்லாண்டு சென்றது என்பதை மறத்தலாகாது.

சீதனத்தின் வழியே செல்லுதல்

நிற்க. இவையாவற்றினும் யாழ்ப்பாணத்தார்க்கே சிறப்பாக வாய்த்த ஆதாரம் ஒன்றுண்டு. அதுவே காணி உறுதி.

தேசாதிபதி சைமன்ஸ் என்பாரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி எழுதினார். தமிழில் மொழிபெயர்க்கப்பெற்ற அதனைப் பன்னிரு முதலிமார் பார்த்து ஒப்பினர். அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலிமை அளித்தனர். அதன்படி ஆதனம் மூவகைப்படும்: கணவன் கொண்டுவந்தது முதுசம், மனைவி கொண்டுவந்தது சீதனம், இருவரும் சேர்ந்து வாழும்போது ஈட்டியது தேடியதேட்டம். பண்டைக்காலத்தில் முதுசம் ஆண்மக்களையும் சீதனம் பெண்மக்களையும் சேர்ந்தது என்று அந்நூல் கூறும். போர்த்துக்கேயர் காலத்திலேயே இவ்வழக்கம் தளரத் தொடங்கிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டம் பின்னும் பல மாற்றங்களைச் செய்தது. ஆயினும் தாயின் வீட்டையும் வளவையும் மகளுக்குச் சீதனமாக எழுதும் வழக்கம் நின்றுவிடவில்லை.

இதனால் விளைந்தது யாது? பெயர் தகப்பன் வழியே போயிற்று. காணி தாய்வழியே போயிற்று. சுவரில் மாட்டிய வம்சாவளிப் படத்தில் இடம்பெறாத பெண்கள், றங்குப்பெட்டிக்குள் இருக்கும் உறுதியில் முழுப் பெயரோடு இருக்கின்றனர்.

வலிகாமத்தில் ஒரு வீட்டிற்கு எம் அங்கத்தவர் சிலருடன் யாம் சென்றிருந்தோம். வீட்டுத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஏழு தலைமுறை ஆண்மக்களின் பெயர்களை அழகாக வரைந்து கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கவிட்டிருந்தார். நாம் அதனைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தபோது, எண்பது வயதைக் கடந்த அவர் தமக்கையார் தேநீர் கொண்டுவந்தார். "ஆச்சி, உங்கள் வம்ச வரலாற்றையும் சொல்லுங்கோவன்" என்று எம்முள் இளையவர் ஒருவர் கேட்டார். "எனக்கென்ன மோனை வரலாறு? எல்லாம் தம்பியின் படத்திலை கிடக்கு" என்றார் அவர். படத்திலோ அவர் பெயர் இல்லை. சற்றுப் பொறுத்து, "அம்மா தந்த உறுதி ஒண்டு இருக்கு, அது உங்களுக்கு உதவுமோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்ப் பழைய றங்குப்பெட்டி ஒன்றைத் திறந்தார். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, மழையில் தென்மராட்சி வரை அவர் கையிற் கொண்டு நடந்த பொதியும் அதுவே என்று பின்னர் அறிந்தோம்.

அதனுள்ளே 1961இல் அவர் தாயார் அவருக்கு எழுதிய சீதன உறுதி இருந்தது. "எனக்கு என் தாயாரால் 1934ஆம் ஆண்டு எழுதப்பட்ட சீதன உறுதிப்படி உரித்தான" என்று அது தொடங்கிற்று. 1934ஆம் ஆண்டு உறுதியும் மடிப்புகள் கிழிந்து உடனிருந்தது; அது 1908ஆம் ஆண்டு உறுதியைக் காட்டிற்று; அதன் நகலோ 1879ஆம் ஆண்டு உறுதியைக் காட்டிற்று. ஒரே வளவு, ஒரே கிணறு. தாய், மகள், பேர்த்தி என்று ஐந்து பெண்கள். ஒவ்வொருத்தியின் கணவனும் சகோதரரும் உறுதியிற் குறிக்கப்பட்டிருந்தனர். யாம் அப்பெயர்களை உரக்க வாசித்தபோது ஆச்சியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் தம்பியாரும் எழுந்து வந்து, "இந்தப் பெயர் எங்கள் பேர்த்தியின் பெயரோ? நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுகிறேன்" என்றார். ஏழு தலைமுறையை எழுதியவர்க்குத் தம் பேர்த்தியின் பெயர் தெரிந்திலது. அவரைக் குறை கூறுவதற்கு யார்தாம் துணிவர்? நாம் ஒவ்வொருவரும் அவர் நிலையிலேயே நிற்கின்றோம்.

உறுதி வாசிக்கும் முறை

உறுதியை வாசிக்கப் பழகுதல் கடினமன்று. முதலில் எழுதிக் கொடுப்பவர், பெறுபவர் பெயர்களையும் அவர்தம் உறவையும் குறிக்க. இரண்டாவதாக, காணி அவருக்கு எவ்வாறு உரித்தாயிற்று என்னும் பகுதியைக் காண்க. முந்திய உறுதியின் இலக்கமும் ஆண்டும் நொத்தாரிசு பெயரும் அங்கேயே இருக்கும். மூன்றாவதாக, காணியின் பெயரை எழுதுக. வளவு, கலட்டி, புலம், தோட்டம் என்று முடியும் இப்பெயர்கள் மனிதர் பெயரினும் நிலையானவை. பெயர் மாறாத காணியைப் பிடித்துக்கொண்டு பெயர் மாறும் மனிதரைத் தேடுவதே இவ்வாராய்ச்சியின் சூத்திரமாகும்.

நான்காவதாக, பரப்பளவைக் கவனிக்க. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். தாய்க்கு எட்டுப் பரப்பிருந்து மகளின் உறுதியில் இரண்டே பரப்பாயின், பங்கு கொண்ட சகோதரிகள் வேறும் இருந்தனர் என்று ஊகித்து விசாரிக்கலாம். ஐந்தாவதாக, நாற்றிசை எல்லைகளை ஒருபோதும் விடுதலாகாது. வளவு பிரிக்கப்பட்டபோது எல்லைக்கு அப்பால் இருந்தவர் பலமுறை உடன்பிறந்தவரேயாவர். கிணற்றிற் பங்கு, வழிவாய்க்காற் பங்கு என்பனவும் அவ்வாறே பழைய உறவுக்குச் சாட்சி கூறும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்பின் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டியதாயிற்று. ஆகவே வீட்டு உறுதி அழிந்தவரும் மனந்தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு அனுப்பிய இணைப்பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடி நகல் கேட்கலாம்.

உறுதி இல்லாதோர் வரலாறு

காணி உடையவர்க்கே உறுதி உண்டு. பிறர் காணியிற் குடியிருந்தோரும், அடிமைகளாக எழுதப்பட்டோரும் உறுதி வைத்திருக்க இயலாதவராயினர். இலங்கையில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டது 1844இலேயாம். அதற்கு முன்னர் மனிதரும் ஆதனமாக எண்ணப்பட்டனர் என்பதற்குத் தேசவழமையே சான்று. எனவே நம் முன்னோரின் உறுதியைப் பார்த்துப் பெருமை கொள்வோர், அவ்வீட்டில் உழைத்தும் ஒரு பரப்பும் பெறாதவரின் பிள்ளைகள் இதே ஊரில், இதே சங்கத்தில் நம்முடன் இருக்கின்றனர் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவர்தம் வரலாறு முதியோரின் வாய்மொழியிலும் பள்ளிக்கூட இடாப்புகளிலும் பிறப்புப் பதிவிலும் உள்ளது. வட்டம் முதலில் எழுதவேண்டியது அதனையே. காகிதம் காத்திருக்கும், முதியோர் வாய்மொழி காத்திராது.

மூதாதையின் பெயர் தெரிதலும் தெரியாமையும் விளையாட்டன்று என்பதற்கு மலைநாட்டுத் தமிழரின் கதை போதும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனிடமும் தந்தை இங்கு பிறந்ததற்கு, அன்றேல் தந்தைவழிப் பேரனும் பூட்டனும் இங்கு பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. தோட்டத்து லயத்திற் பிறந்த பேரனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கேயிருக்கும்? ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர்க்கு முற்றாகத் தீர்வு வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயாம். கொழுந்து பறித்து இந்நாட்டை வாழ்வித்த தாயாரையும் பேர்த்தியையும் அச்சட்டம் கணக்கிலெடுக்கவேயில்லை என்பதையும் கவனிக்க.

ஏனைய ஆதாரங்கள்

அந்தியேட்டியில் வழங்கும் கல்வெட்டு நம் நாட்டுக்கே உரிய செல்வம். இறந்த திதியை வெண்பாவிலும் வம்சத்தைப் பிற பாக்களிலும் பாடியிருப்பர். பலர் அதனைச் சில மாதம் வைத்திருந்து எறிந்துவிடுகின்றனர். வட்டம் அவற்றைச் சேர்த்தல் வேண்டும். சாதகக் குறிப்புகளும் உதவும். ஆயின் தமிழ் வருடப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். விகாரி என்றிருந்தால் அது 1899ஆ, 1959ஆ, 2019ஆ என்று பிற ஆதாரங்கொண்டு துணிக. கோயிற் கணக்குகளில் திருவிழா உபயகாரரின் பெயர்கள் தலைமுறையாக வரும். தெருவோரச் சுமைதாங்கிகளையும் பாருங்கள். கருவுற்றபடியே இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நிறுவுவது வழக்கம். பெயர் பொறித்திருப்பின் படியெடுத்துக்கொள்ளுங்கள். மலாயாவுக்குச் சென்று மீண்ட பென்சன்காரர் வீடுகளிற் கடிதங்களும் படங்களும் இருக்கும். படத்தின் பின்புறத்தைப் பார்க்க மறவாதீர்கள்.

முதியோரிடம் ஆண்டு கேட்டால் தெரியாது என்பர். "கொழும்பிலிருந்து புகையிரதம் யாழ்ப்பாணம் வந்தபின்னோ முன்னோ என்று உங்கள் ஆச்சி சொன்னவ?" என்று கேளுங்கள், அது 1905. "யப்பான்காரன் குண்டு போட்டபோது நீங்கள் நடந்து திரிந்தீர்களோ?" என்று கேளுங்கள்; அது 1942. "புயல் அடித்தபோது மூத்தபிள்ளை பிறந்துவிட்டதோ?" என்று கேளுங்கள், அது 1964. ஆண்டு தானே வெளிப்படும்.

வட்டத்தின் வேலைத்திட்டம்

தை மாதத்தில் ஒவ்வோர் அங்கத்தவரும் தம் வீட்டுப் படிவத்தை எழுதுக. பெயர், வீட்டிற் கூப்பிடும் பெயர், பிறந்த ஊர், ஆண்டு, தாயின் பெயர், தாயின் ஊர், இச்செய்தி எங்கிருந்து கிடைத்தது என்னும் ஏழு நிரல்கள் போதும். தாயின் பெயர் நிரலை வெறுமையாக விடுதல் கூடாது. அறியாவிடின் "தேடவேண்டும்" என்று எழுதுக. பங்குனிக்குள் ஊரின் மிக முதியோர் பதின்மரை இருவர் இருவராகச் சென்று காண்க. அவர்கள் சம்மதித்தாற் குரலைப் பதிவு செய்க. சித்திரா பௌர்ணமி தாயாரை நினைக்கும் நாள். அன்று தாய்வழிப் பெயர்களை வீடுதோறும் கேட்க. ஆடி அமாவாசைக்குத் தந்தைவழியைச் சரிபார்க்க. புரட்டாதியில் உறுதிகளையும் கல்வெட்டுகளையும் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து, மூலத்தை அன்றே உரியவரிடம் ஒப்படைக்க. மார்கழியில் யாவற்றையும் சேர்த்து ஏடாக்குக.

விதிகள் நான்கே. ஒன்று, இரண்டு ஆதாரமின்றி எதனையும் உண்மையென எழுதற்க. ஒன்றே உளதாயின் அதனைச் சொல்லி எழுதுக. இரண்டு, சாதி கேளற்க, எழுதற்க. மூன்று, உயிரோடிருப்போர் பற்றிய விபரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடற்க. நான்கு, எதனையும் ஒரே இடத்தில் வையற்க.

நான்காம் விதியை நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ தொண்ணூற்றேழாயிரம் நூல்களுடன் வேறெங்குமில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. பின்வந்த யுத்தத்திலும் இடப்பெயர்விலும் வீட்டுப் பெட்டிகளில் இருந்தனவும் அழிந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் நூல்களையும் நினைவு மலர்களையும் சேர்த்து எவரும் வாசிக்க வைத்திருக்கின்றது. எமது ஏட்டின் ஒரு பிரதி ஊரிலும், ஒன்று அயலூரிலும், ஒன்று கடல்கடந்த உறவினரிடத்தும் இருத்தல் வேண்டும்.

பெரியோர்காள், உங்கள் பெட்டிகளைத் திறந்து காட்டுங்கள். உங்கள் தாயாரின் பெயரைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் சொல்லுங்கள். இளைஞர்காள், இன்று வீட்டிற்குச் சென்றதும் ஆச்சியின் அருகில் அமர்ந்து, "ஆச்சி, உங்கள் பெயரென்ன? உங்கள் அம்மாவின் பெயரென்ன?" என்று கேளுங்கள். அடுத்த ஆடி அமாவாசையில் குருக்கள் கேட்கும்போது எவரும் பக்கத்திலிருப்பவரைத் திரும்பிப் பாராதிருப்பாராக.